அனுப்புநர், பெறுநர்

சேலம் கலெக்டர் ஆபீஸ் மதிலோரம்
வேப்பமரத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே
என் தட்டச்சுப் பொறி.
அதில் 'ழ' மட்டும் ஒரு நூல் மேலே நிற்கும்.
சரிபண்ணச் சொன்னவர்களிடமெல்லாம்
நாளைக்கு என்றே
இருபது வருஷம் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை குறைதீர் நாள்.
ஏற்காட்டு முதல் பஸ்ஸில் வந்திறங்குவாள் பாவாயி,
இருபது கொண்டை ஊசியிலும் குடல் புரண்ட
இரண்டு மூன்று பெண்களோடு.
அவளுக்கு ஒன்றும் ஆகாது. இருந்தாலும்
முந்தியில் ஒரு எலுமிச்சை முடிந்திருப்பாள்,
அடுத்தவர் முகர.

அனுப்புநர் என்று தட்டுவேன்:
சடையன் மகள் பாவாயி,
தும்பைக்காடு, சேர்வராயன் மலை.
பெறுநர் மாறிக்கொண்டே இருப்பார்.
கலெக்டர், தாசில்தார், வன அலுவலர்,
ஒருமுறை ரயில்வேக்காரருக்கும் போட்டோம்,
யார் சொன்ன யோசனையோ.
பொருள் மட்டும் மாறாது.
தும்பைக்காட்டுக்கு நாலு கிலோமீட்டர் ரோடு.

இடையிடையே சாதிச் சான்று கேட்டும் வருவாள்.
பத்தாவது பாஸான பையன்கள்
தாங்கள் மலையாளிகள்தான் என்று
மலையிலிருந்து இறங்கிவந்து நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஒரு ஆடி மாதம்
பிள்ளைவலி கண்டவளை
மூங்கிலில் கம்பளி கட்டித் தூக்கிவந்தார்கள்.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குள்
பாதி வழியில் பிரசவம்.
"பிள்ளை கீழே வந்து சேர்ந்துச்சு,
தாய் வழியிலேயே நின்னுட்டா.
அப்படியே அடி" என்றாள் பாவாயி.
நான் 'மரணமடைந்தார்' என்று அடித்தேன்.
ஆபீஸ் பாஷை அப்படித்தான் என்றேன்.
கார்பன் தாளைத் தூக்கிப் பார்த்தாள்.
ஒன்றும் பேசவில்லை.
அன்றைக்குக் காசு வாங்காமல் அனுப்பினேன்.

பிறகு தேர்தல்.
ஏதோ கணக்கில் கட்சிக்காரர்கள் இவளைக் கூப்பிட,
இவளும் ஏதோ கணக்கில் சரியென்க,
ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்துவிட்டாள்.
சேலையில் கஞ்சி ஏறியது.
அவளைவிட மூத்தவர்களும் அம்மா என்றார்கள்.
கொடி கட்டிய ஜீப் என் மரத்தைத் தாண்டிப் போகும்;
நான் ரிப்பனைச் சுற்றுவதுபோல் குனிந்துகொள்வேன்.
கோபம் என்றில்லை.
என்ன என்று எனக்கே பெயர் தெரியவில்லை.

சட்டசபையில் எழுந்து ரோடு கேட்டாளாம்.
பரிசீலனையில் உள்ளது என்றாராம் மந்திரி.
ஒரு கிலோமீட்டர் போட்டார்கள்,
காப்பித் தோட்டத்துக் கேட் வரைக்கும்.

மூன்றாம் வருஷம்
உண்ணாமலை என்றொருத்தி வந்தாள்,
அதே தும்பைக்காடு, அதே ரோடு.
எனக்கு அன்று காய்ச்சல். பழைய கார்பனை உருவி
பேர்களை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்தேன்.
பெறுநர்: சட்டமன்ற உறுப்பினர் பாவாயி அவர்கள்.
மற்றதெல்லாம் அப்படியே,
மரணமடைந்தார் உட்பட.

அடுத்த திங்கள் ஜீப் நின்றது.
என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள், கையில் அந்தத் தாள்.
"'ழ'வை இன்னும் சரிபண்ணலையா?"
நாளைக்கு என்றேன்.
"அவகிட்ட எவ்வளவு வாங்கினே?"
நாற்பது.
"என்கிட்ட பதினஞ்சுதானே வாங்குவே."
ரிப்பன் விலை, தாள் விலை என்று ஏதோ உளறினேன்.
அவள் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை.
ஜெராக்ஸ் கடைக் கூரைக்கு மேலே
மலை பாதி மேகத்தில் இருந்தது.
"இன்னொண்ணு அடி. மந்திரிக்கு."

அனுப்புநர் என்று தட்டிவிட்டு நின்றேன்.
எம்.எல்.ஏ. என்று போடவா?
"போடு. இல்லேன்னா பிரிக்கவே மாட்டாங்க.
அதுக்கு மேல சடையன் மகள்னும் போடு."

கடைசிப் பத்தி வந்தபோது
விரலை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
'தாய் வழியிலேயே நின்றுவிட்டாள்' என்று அடித்தேன்.
'வழி'யில் அந்த எழுத்து
வழக்கம்போல் ஒரு நூல் மேலே ஏறி நின்றது.

நாற்பது ரூபாயை எண்ணி வைத்தாள்.
கையெழுத்துப் போட என் பேனாவை வாங்கியவள்
மறந்துபோய்
கொண்டையில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.